துளசிமணிக்கு இரண்டு யூனிட்

எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வருகிறவர்கள், இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும்போது தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்டுங்க மேடம்?" எட்டு என்று நான் சொன்னதும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். பக்கத்து மில்லில் ஆறுதான். அந்த இரண்டு யூனிட்டுக்காக இருபது வருட வேலையை உதறிவிட்டு எங்களிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

என் பெயர் சிந்துஜா. கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் இருக்கும் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் நிர்வாக அலுவலர். பெயர்தான் பெரிது. கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தாலும், கழிப்பறைக் குழாய் ஒழுகினாலும், சார்ஜிங் ஷெட்டில் சண்டை வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதல் இரண்டுக்கும் மாதத்துக்கு ஒரு முறை என்றால் மூன்றாவதற்குத் தினமும் பத்து முறை.

பகல் மின் சட்டம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. வெயில் இருக்கும்வரை கரண்டுக்குக் குறைவில்லை. வெயில் இறங்கினால், மிச்சமிருப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் குடிதண்ணீர் மோட்டாருக்கும் போய்விடும். வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், அதுவும் ஏழு மணிவரைதான். அதற்குமேல் வேண்டுமென்றால் அவரவர் காரில் கொண்டு போக வேண்டியதுதான். பகலில் வேலை செய்யும் இடத்தில், கம்பெனி அனுமதிக்கும் யூனிட் அளவுக்குக் காரை நிரப்பிக்கொள்ள வேண்டும். மாலையில் வீட்டுக்குக் கீழே நிறுத்தி, ஜன்னல் வழியாக வயர் இழுத்து, வீட்டை ஓட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ், மிக்சி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் காரில்தான் ஓடுகின்றன.

லீவு நாளில் வீட்டிலேயே சார்ஜ் போடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்து ஒன்பது பேர் போனதிலிருந்து குடியிருப்புகளில் சார்ஜரே வைக்கக்கூடாது என்று தடை. பதிவு பெற்ற சார்ஜிங் கன்னைத் தவிர வேறு எதைச் சொருகினாலும் கார் வாயைத் திறக்காது. ஆகவே வேலை இருப்பவர்களுக்குத்தான் ராத்திரி. வேலை போனால் ஆறரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

எங்கள் ஷெட்டில் நாற்பத்து நான்கு கன், நூற்று அறுபது கார். முறை போடுவதற்குக் கம்பெனி ஒரு செயலி வாங்கிக் கொடுத்தது. ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரை அல்லவா, இங்கேயும் துண்டுதான். கன்னின் வயரில் உங்கள் துண்டைத் தொங்கவிட்டால் அடுத்த முறை உங்களுடையது. டீ குடிக்கப் போகிறவன் யாராவது, முடிந்த காரிலிருந்து கன்னைப் பிடுங்கித் துண்டுக்காரர் காரில் சொருகிவிட்டுப் போவான். நீலம் தேவராஜ், காவி கட்டம் ஸ்டோர்ஸ் மணிவாசகம் என்று எல்லாருக்கும் எல்லாத் துண்டும் மனப்பாடம். இதில் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. தகராறெல்லாம் 'மாமியார்' வந்த பிறகுதான்.

மாமியார் என்பது ஒரு மென்பொருள். தலைமை அலுவலகம் வைத்த பெயர் வேறு. யார் கார் ராத்திரி எவ்வளவு கரண்ட் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று நொடிக்கு நொடி குறித்துவைத்து, காலையில் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் வாங்கிச் சேர்த்து, மாதம் ஒரு பட்டியலாக எனக்குக் காட்டும். ஒழுங்காக இருந்தால் பச்சை. ஏறி இறங்கினால் மஞ்சள். மூன்று மாதம் தொடர்ந்து மஞ்சள் என்றால் நான் காரணம் எழுத வேண்டும். மருமகள் எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றுகிறாள் என்று எட்டிப் பார்ப்பது போல இருந்ததால் கவின் என்கிற ஃபிட்டர் அந்தப் பெயரை வைத்தான். அதுவே நிலைத்துவிட்டது.

மாமியார் வந்த மூன்றாவது மாதம் நந்தகோபால் என் அறைக்கு வந்தார். டெஸ்டிங் பிரிவில் மூத்த ஆய்வாளர், நாற்பத்தொன்பது வயது. பதினாறு வருடத்தில் என்னிடம் ஒரு புகாரும் சொல்லாத ஒரே மனிதர்.

"மேடம், ஒரு அஞ்சு நிமிசமுங்க."

"உக்காருங்க. சொல்லுங்க."

"மாமியார் எனக்கு மஞ்ச காட்டுதுங்க. அது நிக்காதுங்க. ஊட்டுல அவளுக்கு ராத்திரியானா மூச்சு மெஷின் வெக்கோணும். பன்னண்டு வருசம் நூல் மில்லுல பஞ்சுக்குள்ளயே நின்னவங்க. நுரையீரல் நெம்ப மோசமாயிருச்சு."

அவர் மனைவி துளசிமணியை நான் ஒரு முறை குடும்ப விழாவில் பார்த்திருக்கிறேன். மெலிந்த பெண்மணி. கோலப் போட்டிக்கு நடுவராக உட்கார வைத்தோம். எல்லாருக்கும் முதல் பரிசு என்று சொல்லி எங்களை மாட்டிவிட்டார்.

"மருத்துவ விலக்குன்னு ஒரு ஃபாரம் இருக்குங்க. எழுதிக் குடுத்தா நாலு யூனிட் சேத்துத் தருவாங்க" என்றேன்.

"தெரியுமுங்க. போன வருசம் அதை எழுதிக் குடுத்த நாலு பேரும் இப்ப எங்க இருக்காங்கன்னும் தெரியுமுங்க."

எனக்கும் தெரியும். ஆள் குறைப்பு வந்தபோது முதல் பட்டியலில் அந்த நான்கு பெயரும் இருந்தன. யாரும் வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் நான்கு பேரும் இருந்தார்கள்.

அவருக்கு எட்டு போதாது. பன்னிரண்டு வேண்டும். அந்த நான்கைத் தேடித்தான் என்னிடம் வந்திருந்தார். வந்தவர் அதைக் கேட்கவும் இல்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு, "உங்க காதுல போட்டு வெக்கலாம்னு வந்தனுங்க" என்று எழுந்துவிட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு வழி இருந்தது. கார் ரிப்பேரில் இருக்கிறவர்கள், தங்கள் கார்டைத் தட்டி வேறு காரில் சார்ஜ் போட்டுக்கொள்ள 'மாற்று வண்டி' என்று ஒரு வசதி உண்டு. அதற்கு அனுமதி கொடுப்பது நான். கவினிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் இரண்டே நாளில் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தான். இருபத்தொரு பேர். அத்தனை பேருக்கும் நந்தகோபாலின் வெள்ளைக் காரை மாற்று வண்டியாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு யூனிட். ராத்திரி இரண்டு யூனிட் குறைந்தால் ஒரு வீட்டில் என்ன ஆகும் என்பது அவரவர் வீட்டுக்குத்தான் தெரியும். கவின் மகள் பத்தாம் வகுப்பு. அவள் ஒரு மணி நேரம் முன்னால் புத்தகத்தை மூடுவாள்.

இதையெல்லாம் எழுதி வைக்க முடியாது. எழுதினால் மாட்டிக்கொள்வோம். அதனால் இதற்கும் துண்டு. "இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவர், கூட இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, தன் துண்டை நந்தகோபால் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் தொங்கவிட வேண்டும். துண்டு தொங்கினால் மற்றவர்கள் கவலைப்படாமல் தங்கள் வேலையைப் பார்க்கலாம். மாமியார் பட்டியலில் நந்தகோபால் மஞ்சளாகவே இருந்தார். நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'பழைய பேட்டரி' என்று காரணம் எழுதினேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

அப்புறம் இந்த வருட ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் கும்பிடாத இரும்பு கிடையாது. லேத்திலிருந்து ஸ்பேனர் வரை கழுவித் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். சார்ஜிங் கன்னும் ஆயுதம்தானே என்று முதல் வருடமே அதையும் சேர்த்துக்கொண்டார்கள். பூஜை போட்ட கருவியை மறுபூஜை வரை யாரும் தொடமாட்டார்கள். மெயினை அணைத்துவிடுவோம். வழக்கமாக லீவுக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்குத்தான் பூஜை, அதற்குள் எல்லாரும் நிரப்பிக்கொள்வார்கள்.

இந்த முறை முதலாளிக்கு மதியம் விமானம். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகுகாலம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பதினோரு மணிக்கே வெச்சுக்கலாங்க சார்" என்று நான்தான் சொன்னேன். முந்தின நாள் மாலை குழுவில் செய்தி போட்டேன். வியாழனும் வெள்ளியும் லீவு, ஆக மூன்று ராத்திரி. மறுநாள் காலை ஆறு மணிக்கே ஷெட்டில் அல்லோலகல்லோலம். அத்தனை பேருக்கும் மூன்று நாள் யூனிட்டையும் அன்றைக்கே நிரப்பியாக வேண்டும், அதுவும் பாதி நேரத்தில். நானே என் காருக்கு முட்டி மோதித்தான் இடம் பிடித்தேன்.

பதினோரு மணிக்கு மாவிலை கட்டி, கன்னுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, மெயினை அணைத்தோம். படம் எடுத்துக் குழுவில் போட்டோம். நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு நான் வாசலில் நின்று பொரியும் கடலையும் கொடுத்தேன். நந்தகோபால் காரைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "பொரி வாங்கிக்கங்க" என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வர்றனுங்க" என்று கிளம்பினார்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. போன் செய்தார். "ஊட்டுல அவளை அவங்கம்மா ஊருக்குக் கூட்டிட்டு வந்திருக்கேனுங்க. காங்கயத்துல. ஒரு வாரம் லீவு வேணுமுங்க." கொடுத்தேன். திரும்பி வந்தபோது மொட்டை, மீசையும் இல்லை. பழனிக்கு வேண்டுதல் என்றார். டெஸ்டிங் பிரிவு முழுக்கப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். எனக்கும் ஒரு டப்பா வந்தது. துண்டு முறை பழையபடி தொடங்கியது.

கார்த்திகை பிறந்த வாரம், மாதாந்திரப் பட்டியலைத் திறந்தேன். நந்தகோபாலின் வரி பச்சையாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். யூனிட் குறையவில்லை, அதே அளவுதான் ராத்திரிக்குப் போகிறது, ஆனால் ஏற்ற இறக்கம் இல்லை என்று போட்டிருந்தது. உடம்பு தேறிவருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நல்ல செய்தியை அவரிடம் சொல்வதற்கு முன்னால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று, மாமியாரைப் பராமரிக்கும் சென்னை கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆஃப்ரின் என்ற பெண் எடுத்தாள்.

"எந்த லோடுன்னு தெரியுமா மேம்? ஏசியா, என்ன?"

"மூச்சு மெஷின்ம்மா. நம்ம ஆளோட வீட்டம்மாவுக்கு. இது நமக்குள்ள இருக்கட்டும்."

"ஒரு நிமிஷம், கிராஃப் பாக்கறேன்." கீபோர்டு சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. "மேம், செப்டம்பர்ல ஒரு ராத்திரிய உங்க ஸ்க்ரீன்ல போடறேன். பாருங்க. சின்னச் சின்னதா ஏறி ஏறி இறங்குதா? மூணு நாலு செகண்டுக்கு ஒரு தடவை?"

"ஆமா."

"அது அவங்க மூச்சு. அவங்க இழுக்கறப்ப மெஷினும் கூடச் சேர்ந்து தள்ளும், அப்ப கரண்ட் ஏறும். விடறப்ப இறங்கும். அதத்தான் சிஸ்டம் மஞ்சள்னு காட்டுச்சு. இப்ப நேத்து ராத்திரியப் பாருங்க."

நேர்கோடு. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஒரு சிறு மேடு இல்லை, பள்ளம் இல்லை.

"மெஷின் ஓடுது மேம். ஆனா அத யாரும் போட்டுக்கல." அவள் குரல் இறங்கிவிட்டது. "வேற பெட்ல, வேற மெஷின்ல இருக்காங்களோ என்னவோ. எனக்குத் தெரியல. ஆனா அக்டோபர்ல ஒரு வியாழக்கிழமை ராத்திரி, மூணு மணி பத்து நிமிஷத்துல கார் பேட்டரி காலி. அதுக்கப்புறம் ஒரு வாரம் ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் எல்லாமே நேர்கோடுதான். சாரி மேம்."

போனை வைத்துவிட்டு அந்தப் புதன்கிழமைக்குப் போனேன். வெள்ளைக் காருக்கு அவருடைய கார்டிலிருந்து மட்டும்தான் போயிருந்தது, அதுவும் பாதி. பூஜைக்குக் கன்னைக் கழற்றியதில் அதோடு நின்றுவிட்டது. இருபத்தொரு பேரில் ஒருவர் கார்டும் அன்றைக்கு அதற்குத் தட்டப்படவில்லை. மூன்று ராத்திரிக்குத் தாங்க வேண்டிய கார் முப்பத்தொரு சதவீதத்தோடு வெளியே போயிருக்கிறது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒருவருக்குமா தோன்றவில்லை? லீவு என்றதும் அவரவர் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டார்களா? யாராவது துண்டைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்களா என்று பார்க்கக் குழுவில் பூஜைப் படங்களைத் தேடினேன். நாலாவது படத்தில் முதலாளி கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் வெள்ளைக் கார் ஓரமாகத் தெரிந்தது. அதன் கண்ணாடியில் மஞ்சள் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று தொங்கியது.

அது என்னுடையது. காலையில் ஒவ்வொரு கன்னாக நான்தான் துடைத்தேன். துடைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுக்கும் அவசரத்தில், ஈரத்துண்டைக் கைக்கு எட்டிய இடத்தில் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்திருக்கிறார்கள். சிந்துஜா மேடமே பார்த்துக்கொள்கிறார் என்று நிம்மதியாகப் போயிருக்கிறார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நந்தகோபாலைத் தேடிப் போனேன். டெஸ்டிங் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். டிபன் திறக்கவில்லை. நான் வந்த முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தெரிஞ்சு போச்சுங்களா?" என்றார்.

தலையாட்டினேன்.

"மாமியார் காட்டிக் குடுத்திருச்சாட்ட இருக்குது." சிரிப்பது போல உதட்டை இழுத்தார். "நான் யூனிட்டு மாறக்கூடாதுன்னுதான் தெனமும் மெஷினை ஓட விட்டனுங்க. கோடு மாறும்னு தெரியல."

"ஏன் சொல்லல? அன்னைக்கு நாலு மணிக்கு நான் வாசல்லதான நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெயினைப் போட்டிருப்பேனே."

"பூஜை போட்ட கன்னுங்க. சந்தனம் கூடக் காயல. அத்தனை பேரு பொரி வாங்கிட்டு நிக்கறாங்க. எனக்கு வரவேண்டிய பங்கு வரலைன்னு அங்க எப்புடீங்க கேக்கறது? அது என் பங்கே இல்லையே. அவங்களா குடுக்கறது." அவர் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மறுநாள் பொது சார்ஜிங்குல பத்து மடங்கு காசு குடுத்தாவது போட்டுக்கலாம்னு நெனச்சனுங்க. வியாழக்கிழமை காலைல நாலு எடம் போனேன். எல்லா எடத்துலயும் கன்னுக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, பூட்டிட்டாங்க. சுத்துனதுல இருந்ததும் கொறஞ்சுது."

"பக்கத்து வீடு?"

"பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. காரையும் எடுத்துட்டுத்தான போவாங்க. ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு வெச்சிருந்தேன், அது அரை மணி நேரம் வந்துது. ஆம்புலன்சுக்குச் சொன்னேன். கவினுக்குப் போன் போடலாம்னு எடுத்தனுங்க. மூணு ராத்திரிக்குன்னு அளந்து வெச்சிருப்பான், பொண்ணு படிக்கறா, இந்நேரத்துல எழுப்பி எப்படிக் கேக்கறதுன்னு கையில வெச்சுட்டே இருந்தேன். போட்டிருக்கோணும். போடல." தொட்டி விளிம்பிலிருந்த துருவைச் சுரண்டிக்கொண்டே, "ஆம்புலன்ஸ் வந்துது. நேரத்துக்கு வரல" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

"அன்னைக்கு உங்க கண்ணாடியில ஒரு துண்டு தொங்குச்சு. அது வந்து..."

"வேண்டாமுங்க." சட்டென்று கையைத் தூக்கிவிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அது ஒரு முறைதான். "நானும் பாத்தேன். ஓரத்துல புடிச்சுத் தூக்கிக் கீழ போட்டுட்டு வண்டிய எடுத்தேன். யாருதுன்னு பாக்கக்கூடாதுன்னே பாக்கல. தெரிஞ்சா அந்த ஒருத்தரை நான் ஆயுசுக்கும் வெறுத்தாகோணும். தெரியாத வரைக்கும் எல்லார்கூடவும் ஒக்காந்து சோறு திங்கலாமுங்க."

வாய்வரை வந்ததை மென்று விழுங்கினேன். அது அவருக்காக விழுங்கியதா, எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் ஒரு சாக்குதான். எனக்காகத்தான்.

"சரி, அந்த இருபத்தொரு பேர்கிட்டயாவது சொல்லிடலாம். தினமும் குடுத்துட்டு இருக்காங்க" என்றேன்.

"சொன்னா?" என்று திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு அவங்கவங்க ஊட்டுக்கு மூணு நாளு வெளிச்சம் கொண்டு போனாங்க. அதுல என்ன தப்பு இருக்குதுங்க? ஒரு தப்பும் இல்ல. ஆனா தெரிஞ்சுதுன்னா, இனிமேல் ராத்திரி சுச்சைத் தட்டறப்பெல்லாம் எம் பொண்டாட்டி ஞாபகந்தான் வரும். இருபத்தொரு குடும்பமுங்க. அந்தப் பிள்ளைங்க வெளிச்சத்துல படிக்க வேண்டாமா? ரெண்டு வருசம் அவ மூச்சு உட்டதே இவங்க புண்ணியத்துல. அதுக்கு நான் குடுக்கற பதில் இதுவா?"

"அதுக்காக எத்தனை நாளைக்கு வெறும் மெஷினை ஓட்டுவீங்க?"

"தெரியலீங்க." டிபனை எடுத்துப் பையில் வைத்தார். "ஓடற சத்தம் கேட்டா எனக்கும் கொஞ்சம் தூக்கம் வருதுங்க."

மணி அடித்தது. அவர் பம்பை ஏற்றப் போய்விட்டார்.

நான் ஷெட் வழியாகத்தான் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். வெயில் நன்றாக அடித்தது, நாற்பத்து நான்கு கன்னும் வேலை செய்துகொண்டிருந்தன. வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் கவின் நின்றுகொண்டிருந்தான். தன் சிவப்புத் துண்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கார்டைக் கையில் வைத்திருந்தான்.

"இன்னைக்கு என் முறைங்க மேடம்" என்றான். "அக்கா இப்ப எப்படி இருக்காங்களாம்? அண்ணன்கிட்ட கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாரு."

அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்குப் பின்னால் கண்ணாடியில் தொங்கிய துண்டு யாருடையது என்ற கேள்வி வரும். நந்தகோபால் பார்க்கவில்லை. கவின் பார்த்திருப்பான்.

"பரவால்லை கவின்" என்றேன். "ராத்திரி நல்லாத் தூங்கறாங்களாம்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. உண்மையான சந்தோஷம். எத்தனை பேருக்கு இதைச் சொல்லப் போகிறான் என்று அப்போதே தெரிந்தது.

"அப்படீங்களா? அப்ப இன்னைக்கு மூணு யூனிட்டாப் போட்டுடறேங்க. ஃபேனும் ஓடட்டும், சொகமாத் தூங்கட்டும் பாவம்."

அவன் மகளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. நான் தடுக்கவில்லை.